பழுப்பு அட்டை போட்ட ரேஷன் புத்தகம்

பிரிட்டனின் ரேஷன் புத்தகம் முதன்முதலில் மக்கள் கைக்கு வந்தது 1918 ஜூலையில். முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தன. கடைவாசல்களில் நீண்ட வரிசை. டேவிட் லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த அரசு சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில் புத்தகம் மறைந்தது. அதிகாரிகள் மட்டும் அதை மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் மூளுமுன்பே புதிய புத்தகங்களை அச்சடித்து வைத்திருந்தார்கள்.

1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுவதும் ஆள்கணக்கு எடுத்தார்கள். அந்த முகவரிகளுக்குத்தான் புத்தகங்கள் போயின. பெரியவர்களுக்குப் பழுப்பு அட்டை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை. வளர்ந்த பிள்ளைகளுக்கு நீலம். அரண்மனைக்கும் புத்தகம் உண்டு.

கையில் வந்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டுக்காரம்மா மளிகைக்காரர் ஒருவரையும் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரையும் தேர்ந்து, அவர்களிடம் பதிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் புத்தகத்தின் அடிக்கட்டையை வெட்டி எடுத்துக்கொள்வார். அவரிடம் சேர்ந்த அடிக்கட்டைகளின் கணக்குப்படிதான் உணவு அலுவலகம் அவருக்குச் சரக்கு ஒதுக்கும். தன்னிடம் பதிந்தவர்களின் பங்கு கடைக்கு நிச்சயமாக வந்துசேரும். வேறு கடைக்கு ஓடி முண்டியடிக்கத் தேவையில்லை. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அந்தத் துண்டுக் காகிதம்தான். புத்தகத்திலுள்ள கூப்பனைக் கொடுத்தாலும் காசும் கொடுத்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1940 ஜனவரி 8 அன்று முதல் கூப்பன்கள் வெட்டுப்பட்டன. வாரத்துக்கு ஆளுக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். உப்பிட்ட பன்றியிறைச்சியும் அதே அளவு. சர்க்கரை 12 அவுன்ஸ். மார்ச்சில் மற்ற இறைச்சிக்கும் வரம்பு வந்தது. அதற்கு எடை அல்ல, விலைதான் அளவு. மலிவான துண்டாகப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் வீட்டுச் சட்டியில் கறி கூடுதலாக வெந்தது. ஜூலையில் தேயிலை 2 அவுன்ஸ் ஆனது. அந்தத் தேயிலையில் ஒரு பகுதி, இலங்கை மலையகத்தில் நம் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்துக் கூடையில் சுமந்தது.

துணிக்குப் பங்கீடு வந்த விதம் தனிக்கதை. 1941 ஜூன் 1 அன்று திடுதிப்பென்று அறிவித்தார்கள். முன்கூட்டியே புதுக் கூப்பன் கொடுத்திருந்தால் சேதி கசிந்து, கடைகள் ஒரே நாளில் காலியாகியிருக்கும். அதனால் உணவுப் புத்தகத்தில் மீந்திருந்த மார்ஜரின் கூப்பன்களையே துணிக்கும் செல்லுபடியாக்கினார்கள். ஆண்டுக்கு 66 கூப்பன். ஆண்கள் கோட்டு சூட்டு ஒன்றுக்கே 26 போய்விடும்.

குறையும் இருந்தது. உணவகத்தில் சாப்பிடக் கூப்பன் வேண்டாம். பணமிருப்பவர் வெளியே வயிறு நிரப்பிக்கொள்ளலாம். 1942-இல்தான் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தாமதமான நியாயம் அது. ஆனால் பச்சைப் புத்தகத்தை நினைத்தால் மனம் நிறைகிறது. அதை வைத்திருந்தவருக்குத் தினமும் ஒரு பைண்ட் பால், ஆரஞ்சு வந்தால் முதல் உரிமை, ஏழைத் தாய்க்குப் பால் இலவசம். குண்டுவீச்சுக்கு நடுவிலும், போர் முடியும்போது சிசு மரண விகிதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதில் இந்தப் பச்சை அட்டைக்கும் பங்குண்டு என்றே சொல்வேன்.

வெற்றி வந்தும் புத்தகம் போகவில்லை. போர்க்காலத்தில் தொடாத ரொட்டிக்கே 1946 ஜூலையில் கூப்பன் வந்தது. உலகெங்கும் தானியப் பஞ்சம். தோற்ற ஜெர்மனியில் தன் பொறுப்பிலிருந்த மக்களுக்கும் பிரிட்டன் சோறு போட வேண்டியிருந்தது. ரொட்டி இரண்டாண்டில் விடுபட்டது. மிட்டாய் 1953 பிப்ரவரியில், சர்க்கரை செப்டம்பரில். கடைசியாக, 1954 ஜூலை 4 நள்ளிரவில் இறைச்சி.

அன்று எரிபொருள் அமைச்சர் ஜெஃப்ரி லாயிட் தன் தொகுதிக் கூட்டத்தில் ரேஷன் புத்தகத்தின் பெரிய மாதிரி ஒன்றைக் கொளுத்தினார். உணவு அமைச்சரோ தன் புத்தகத்தை நினைவாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அவர் பெயர் க்விலிம் லாயிட் ஜார்ஜ். 1918-இல் பிரதமராயிருந்த டேவிட் லாயிட் ஜார்ஜின் மகன்.