பிரசாதம் வாங்க மறுத்த நாள்

அமிர்தசரஸ் போய்வந்த தோழர்களிடம் பொற்கோயிலைப் பற்றிக் கேட்டால் முதலில் லங்கரைப் பற்றித்தான் சொல்வார்கள். யார், எந்த ஊர் என்று கேட்காமல் தட்டைக் கையில் கொடுக்கிறார்கள், தரையில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள், நாள்தோறும் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள், ரொட்டி சுடுவதும் பாத்திரம் கழுவுவதும் வருகிறவர்களே என்பார்கள். எல்லாம் உண்மைதான். தேநீர்க் கடையில் தனிக்குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பந்தி அதிசயமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் இதே பொற்கோயிலில் நூறாண்டுகளுக்கு முன்பு நம்மைப் போன்றவர்கள் கொண்டுபோன பிரசாதத்தை வாங்க மறுத்தார்கள். அந்தக் கதையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீக்கிய மரபு சாதியை ஏற்றதில்லை. குருவைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை உறுதியாக்கியவர் மூன்றாம் குரு அமர்தாஸ். ஐந்தாம் குரு அர்ஜன் கட்டிய பொற்கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். அங்கே 1604-ல் வைக்கப்பட்ட ஆதி கிரந்தத்தில் செருப்புத் தைத்த ரவிதாஸின் பாடல்கள் உண்டு, நெசவாளர் கபீரின் பாடல்கள் உண்டு. 1675-ல் டெல்லியில் குரு தேக்பகதூர் தலை வெட்டப்பட்டபோது, அந்தத் தலையை அனந்தபூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பாய் ஜைதா, துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவர்.

பிறகு என்ன ஆனது? குருத்வாராக்களுக்கு நிலமும் மானியமும் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் மகந்துகளும் பூசாரிகளும் பரம்பரைச் சொத்துபோல உட்கார்ந்தார்கள். 1849-ல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர்கள் பொற்கோயிலுக்குத் தங்களுக்கு வேண்டிய நிர்வாகியை நியமித்தார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலையை நடத்திய டயருக்கே அங்கே மரியாதை செய்த நிர்வாகம் அது. சாதியும் அந்த வழியாகவே உள்ளே வந்தது. அமிர்தம் ஏற்றுச் சீக்கியரான தலித்துகள் கொண்டுவரும் கடா பிரசாதத்தை, அதாவது கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய அல்வாவை, பூசாரிகள் வாங்க மாட்டார்கள். அவர்களுக்காகப் பிரார்த்தனை சொல்லவும் மாட்டார்கள்.

1920 அக்டோபரில் கால்சா பிராதரி என்ற அமைப்பு அமிர்தசரஸில் மாநாடு நடத்தியது. தாழ்த்தப்பட்டவர்களைச் சீக்கியத்தில் சேர்ப்பதும், சேர்ந்தவர்களுக்குச் சம உரிமை வாங்குவதும் அதன் வேலை. கூட்டம் நடந்த இடம் ஜாலியன்வாலா பாக். படுகொலை நடந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அக்டோபர் 12 அன்று அங்கே அமிர்தம் ஏற்ற தலித்துகள் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் பொற்கோயிலுக்குப் போனார்கள். கால்சா கல்லூரிப் பேராசிரியர்கள் சிலரும் கூடவே நடந்தார்கள். பூசாரிகள் வழக்கம்போல மறுத்தார்கள். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் கிரந்தத்தைத் திறந்து பார்ப்பது, அதில் வரும் வாக்குக்கு எல்லோரும் கட்டுப்படுவது என்று முடிவானது. வந்த பாடல், குணமற்றவரையும் குரு மன்னித்துத் தன் சேவையில் சேர்த்துக்கொள்கிறார் என்ற பொருளில் இருந்தது. (குணமற்றவர் யார், பிரசாதம் கொண்டுபோனவரா, வாங்க மறுத்தவரா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.) பூசாரிகள் பிரார்த்தனை சொன்னார்கள், பிரசாதத்தை வாங்கினார்கள்.

கூட்டம் அப்படியே எதிரே இருக்கும் அகால் தக்துக்கு நகர்ந்தது. இவர்கள் வருவதைப் பார்த்த அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். தலித் கையால் வாங்குவதைவிடப் பீடத்தைக் காலியாக விடுவது மேல் என்று நினைத்தார்கள்போலும். காலியான பீடத்தைத் தொண்டர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதம், நவம்பர் 15 அன்று, சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. மகந்துகளிடமிருந்து குருத்வாராக்களை மீட்ட அகாலிப் போராட்டம் பல உயிர்களைக் கொடுத்து, 1925-ல் குருத்வாரா சட்டமாக முடிந்தது.

இந்த வரலாறு பெரும்பாலும் மகந்துகளுக்கும் அகாலிகளுக்கும் நடந்த சண்டையாகவே சொல்லப்படுகிறது. ஒரு தட்டுப் பிரசாதத்தோடு வந்து நின்ற தலித்துகள் முதல் பக்கத்தில் ஒரு வரியாக வந்து மறைந்துவிடுகிறார்கள். பந்தியில் இடம் கிடைப்பது ஒன்று, சாவி கையில் இருப்பது வேறு. கதவைத் திறந்தவர்களிடம் சாவி வந்து சேர்ந்ததா என்பதுதான் நம் கேள்வி.

அந்த அகாலிகள் நம் பக்கமும் வந்திருக்கிறார்கள். 1924-ல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து வந்து போராட்டக்காரர்களுக்கு இலவச உணவுக்கூடம் திறந்தார்கள். காந்தி அதை விரும்பவில்லை. இது இந்துக்கள் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார். உணவுக்கூடம் மூடப்பட்டது. பெரியாரின் வைக்கம் நமக்குத் தெரியும். அங்கே லங்கர் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் அறிவித்த அம்பேத்கர், அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டில் கலந்துகொண்டார். சீக்கியத்தை அவர் தீவிரமாகவே பரிசீலித்தார். இருபது ஆண்டுகள் கழித்து ஏற்றது பௌத்தத்தை.

2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாபின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் கிட்டத்தட்ட 32 விழுக்காடு. இந்தியாவிலேயே அதிகம். நிலமோ பெரும்பாலும் ஜாட் சீக்கியர்களிடம். பல கிராமங்களில் ஜாட்டுகளுக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு இன்னொன்று, சுடுகாடும் அப்படியே. ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தில் காணிக்கை நிறையக் குவியும் ஒரு வழிபாட்டிடம் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று ஆத்-தர்மி தலித்துகள் கேட்டார்கள். உள்ளே போய்க் கும்பிட அவர்களுக்குத் தடை இருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையைக் கேட்டதும்தான் ஊர்விலக்கு வந்தது. 2003-ல் அது மோதலாக வெடித்தது. பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் குழுவில் இரண்டு தலித்துகளுக்கு இடம் தர ஒப்புக்கொண்டார்கள்.