பிஎச்பி மொழியில் கோரிக்கை மாறிகள்

உலாவியிலிருந்து வலை வழங்கிக்கு வரும் கோரிக்கை தன்னுடன் சுமந்துவரும் விவரங்களை, அதாவது கேட்கப்பட்ட முகவரி, படிவத்தில் நிரப்பிய மதிப்புகள், குக்கிகள், அனுப்பிய கணினியின் ஐபி எண் ஆகியவற்றை, நிரலுக்குள் எடுத்துத் தரும் மாறிகள் கோரிக்கை மாறிகள் எனப்படும். இவற்றின் வேர் 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் உருவான சிஜிஐ என்னும் இடைமுகத்தில் உள்ளது. அம்முறையில் வழங்கி, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் பகுதியையும் பிற விவரங்களையும் சூழல் மாறிகளில் இட்டு வைக்க, அவற்றைப் பிரித்தெடுக்கும் பாடு நிரலரைச் சேர்ந்தது.

ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி கருவித்தொகுப்பு விரைவில் இந்தப் பாட்டை நீக்கியது: படிவத்தில் ஒரு கட்டத்துக்கு என்ன பெயரோ, அதே பெயரில் நிரலுக்குள் ஒரு மாறி தானாகவே தோன்றியது. மொழி பரவியதற்கு இந்த எளிமை பெருங்காரணம். அதன் பெருங்குறையும் இதுவே. கடவுச்சொல் சரியானால் மட்டும் 'அனுமதி' என்ற மாறிக்கு மதிப்பு தந்து, தவறானால் அதைத் தொடாமலே விட்டுவிடும் நிரலில், முகவரியின் இறுதியில் 'அனுமதி=1' என்று எழுதிச் சேர்ப்பவர் கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழைந்துவிடலாம்.

தானாகத் தோன்றும் இம்மாறிகளுக்கு மாற்றாக, அதே மதிப்புகளைத் தொகுத்துத் தந்த நீண்ட பெயருடைய அணிகளும் இருந்தன; ஆனால் அவற்றை ஒவ்வொரு செயற்கூற்றுக்குள்ளும் தனியே அறிவித்தாலன்றிப் பயன்படுத்த முடியாது என்பதால், பலரும் எளிய வழியிலேயே நின்றனர். 2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பு கெட், போஸ்ட், குக்கி, சர்வர் முதலிய பெயர்களில், அறிவிப்பின்றி எங்கும் எட்டக்கூடிய 'சூப்பர்குளோபல்' அணிகளைத் தந்தது. இதனால் ஒரு மதிப்பு வெளியிலிருந்து வந்தது என்பது அதன் பெயரிலேயே தெரிந்தது. 2002 ஏப்ரலில் வெளியான 4.2 பதிப்பு, 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' எனப்பட்ட பழைய வழியை இயல்பு அமைப்பில் அணைத்து வைத்தது. ஆயினும் பழைய நிரல்கள் அதை நம்பியிருந்தமையால், 2012 மார்ச்சில் 5.4 பதிப்பில்தான் அது முற்றாக நீங்கியது.

பெயர் பிரிந்ததால் எந்த மதிப்பை நம்பலாம் என்ற ஐயம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. சர்வர் அணியில் ஐபி எண்ணை எழுதுவது வழங்கி. அதே அணியில் 'ஹெச்டிடிபி' என்ற முன்னொட்டுடன் இடம்பெறும் கோரிக்கைத் தலைப்புகளின் மதிப்பை எழுதுவதோ கோரிக்கை அனுப்புபவர். சிஜிஐ வகுத்த இந்த முன்னொட்டே 2016இல் 'ஹெச்டிடிபாக்ஸி' என்ற குறைபாடாக வெளிப்பட்டது: 'பிராக்ஸி' என்ற தலைப்பைக் கோரிக்கையில் சேர்த்தால், அது 'ஹெச்டிடிபி பிராக்ஸி' என்ற சூழல் மாறியாகி, சில நிரலகங்கள் அதை வெளிச்செல்லும் இணைப்புக்கான அமைப்பாக எடுத்துக்கொண்டன. அத்தலைப்புக்கு எந்த நெறிமுறையிலும் இடமில்லாததால், வழங்கியின் வாசலிலேயே அதை நீக்கிவிடுவது தீர்வாயிற்று.