பூட்டின வீட்டுக்கும் வரி உண்டா?

திண்டுக்கல்னு சொன்னா பிரியாணிக்கு அடுத்து பூட்டுதான் ஞாபகம் வரும். அந்தப் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. இன்னைக்கு நான் பேசப்போறது அந்தப் பூட்டு தொங்குற வீடுகளைப் பத்தி. பிள்ளைங்க சென்னையிலயோ துபாயிலயோ இருப்பாங்க, தாத்தா கட்டின வீடு ஊர்ல சும்மா நிக்கும். அந்த இரண்டாவது வீட்டுக்கு யார் வரி கட்டணும், கட்டலைன்னா என்ன ஆகும்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1792-ல திப்பு சுல்தானோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல திண்டுக்கல் கம்பெனி கைக்கு வந்தது. அந்தக் காலத்துல சென்னை மாகாணத்துல 'மொதர்பா'ன்னு ஒரு வரி இருந்தது. வீடு, கடை, தறின்னு எதையும் அது விடலை. 1852-ல சென்னை சுதேசிகள் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பின மனுவுல இந்த வரியும் ஒரு முக்கியமான புகார். அந்த வரிப்பணம் மேல இருக்கிற அரசுக்குப் போச்சு, தெருவுக்குத் திரும்பி வரலை.

1866-ல திண்டுக்கல் நகராட்சி உருவானது. அதுக்கப்புறம் வீட்டு வரிக்குப் புது அர்த்தம் வந்தது. நீ கொடுக்குற காசுல உன் ஊருக்கே விளக்கு, சாக்கடை, தண்ணி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை எப்படிக் கணக்குப் போடுறது?

1920-ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதுக்கு ஒரு வழி சொன்னது. வீட்டை வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்னு மதிப்பிடணும். கட்டடத்துக்கான பங்குல பத்து சதவீதம் கழிக்கணும். மிச்சம் இருக்கிறதுதான் ஆண்டு மதிப்பு, அதன் மேலதான் வரி. நீங்க குடியிருக்கீங்களா, வாடகைக்கு விட்டிருக்கீங்களாங்கிறது இந்தக் கணக்குல வராது. அந்த வீடு என்ன வாடகை பெறும்ங்கிறது மட்டும்தான் கேள்வி.

அப்போ பூட்டின வீடு? இங்கதான் சுவாரசியம். ஒரு அரையாண்டுல தொடர்ந்து முப்பது நாள் அல்லது அதுக்கு மேல வீடு காலியா கிடந்தா, நகராட்சிக்கு முறையா தகவல் கொடுத்து, அந்த நாட்களுக்கான கட்டட வரியில பாதி வரைக்கும் தள்ளுபடி கேட்கலாம்னு அந்தச் சட்டத்துல இருந்தது. வருமானம் இல்லாத வீட்டுக்கு ஏன் முழு வரின்னு யோசிச்சிருக்காங்க. இங்கிலாந்து இப்போ இதுக்கு நேர் எதிர்த் திசையில போகுது. அங்க 2025 ஏப்ரல்ல இருந்து இரண்டாவது வீட்டுக்கு உள்ளாட்சிகள் இரட்டிப்பு வரி வரைக்கும் போடலாம். வேல்ஸ்ல 2023-ல இருந்தே 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம். உள்ளூர்க்காரங்களுக்கே வீடு கிடைக்கலைங்கிறதுதான் காரணம்.

சரி, கட்டாம விட்டா? பழைய சட்டப்படி அசையும் பொருட்களை ஜப்தி பண்ணலாம். ஆனா யாரும் இல்லாத வீட்டுல எதை ஜப்தி பண்றது? அதுக்கும் சட்டத்துல பதில் இருந்தது. வரி பாக்கி அந்தக் கட்டடத்தின் மேலேயே முதல் பொறுப்பா ஒட்டிக்கும், நிலவரி மட்டும்தான் அதுக்கு முன்னாடி. ஆள் மாறினாலும் பாக்கி வீட்டோடயே வரும். வீடு வாங்குறவங்க வரி ரசீது கேட்கறது சும்மா இல்லை.

இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டவங்களை மட்டும் தனியா பிடிக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2018 ஜூலையில தமிழக அரசு சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு 50 சதவீதமும், வாடகை வீட்டுக்கு 100 சதவீதமும் வரியை உயர்த்தினது. எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே வாடகை வீட்டுக்கும் 50-ஆக இறக்கிட்டாங்க. உரிமையாளர் மேல ஏத்துற வரி கடைசியில குடித்தனக்காரர் வாடகையிலதானே போய் நிக்கும்! 2019-ல அந்த உயர்வையே நிறுத்தி வெச்சாங்க. 2022-ல மறுபடி உயர்த்தினப்போ, வீட்டின் பரப்பளவுதான் அளவுகோல். திண்டுக்கல் மாதிரி ஊர்கள்ல 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,800-க்கு மேல போனா 100 சதவீதம்.

திண்டுக்கல் 2014-ல மாநகராட்சி ஆயிடுச்சு. குப்பை வண்டி பூட்டின வீட்டு வாசலையும் தாண்டித்தான் போகுது, தெருவிளக்கு அதுக்கும் எரியுது. அந்தச் செலவை ஊர்லயே இருக்கிறவங்க மட்டும் சுமக்கணுமான்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு. உங்க தாத்தா வீட்டு வரி ரசீதுல இப்போ யார் பேர் இருக்கு? அவர் பேரே இருந்தா, பேர் மாத்துற வேலையை இந்த வாரமே ஆரம்பிங்க.