பெட்டிக்கடையில் தொங்கும் போட்டி: 'சிக்' ஷாம்பு ஜெயித்தது எப்படி?

ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி மாதிரி ஊர்களில், பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரப் போட்டி இருக்கு.

என்ன நடந்தது?

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கினார். 'சிக்' ஷாம்பு வந்தது. பெரிய கம்பெனிகளோடு விளம்பரத்தில் மோத அவரிடம் பணம் இல்லை. அதனால், ஷாம்புவே போடாத கிராமத்து மக்களைக் குறிவைத்தார். ஊர் ஊராகப் போய் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒரு 'சிக்' இலவசம். பிறகு காலி 'சிக்' பாக்கெட்டுக்கு மட்டும். பின்னாளில் 50 பைசா பாக்கெட்டும் வந்தது. அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர்.

இதுக்கு என்ன பேரு?

'பொசிஷனிங்'. யாருக்கு விற்கிறோம், எதில் நாம வேற என்று முடிவெடுப்பது. குறைந்த செலவு, வித்தியாசமான பொருள், குறிப்பிட்ட பிரிவில் மட்டும் கவனம் என மூன்று வழிகளை 1980-ல் சொன்னார் மைக்கேல் போர்ட்டர்.

எங்கே உஷார்?

விலையை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். பெரிய கம்பெனிகளும் பாக்கெட்டில் இறங்கின. மலையில் விளைந்த சாமையையும் தேனையும் விற்க நினைப்பவர்களுக்கும் கேள்வி இதுதான்: அடுத்தவர் நாளைக்கே காப்பி அடிக்க முடியாத எது நம்மகிட்ட இருக்கு?