விளையாட்டுச் சங்கங்களும் அரசாங்கக் கண்காணிப்பும்

பத்து காஜா வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் நம் பிள்ளைகளின் ஓட்டமும் பந்தாட்டமும் நின்றுவிடவில்லை. பள்ளிப் போட்டியில் முதலாவதாக வந்தால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் மாநிலம், அதற்கும் மேலே தேசியக் குழு என்று படிப்படியாக ஏறலாம். தோட்டத்தில் உழைத்துக் களைத்த ஒரு குடும்பத்துக்கு இது பெரிய நம்பிக்கை. பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் அந்த ஓட்டமே வழிகாட்டும் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள்.

அந்த வழியில் போகும் பிள்ளை வீட்டைவிட்டு வெகுதூரம் போகிறது. பயிற்சி முகாமில் தங்குகிறது, வெளியூருக்குப் பேருந்தில் பயணம் செய்கிறது. யார் அணியில் இருப்பது, யார் வீட்டுக்குத் திரும்புவது என்பதெல்லாம் பயிற்றுநர் சொல்லில்தான் இருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் பெற்ற தகப்பனுக்குச் சமம். பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் அடித்தாலோ, வாய்கூசாமல் ஏசினாலோ, பாலியல் தொல்லை கொடுத்தாலோ, அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? சங்கத்திடம் சொல்லலாம் என்றால், பயிற்றுநரை நியமித்ததே அந்தச் சங்கம்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பவரே புகாரையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகுமா? இன்று நாம் ஆராயப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

நம் மக்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. பழைய தோட்ட வாழ்க்கையில் வேலை, வீடு, கடை, மருந்து எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. கங்காணிமேல் புகார் என்றால் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணிமேல் புகார் என்றால் துரையிடம் சொல்ல வேண்டும். துரைமேல் புகார் என்றால் போக இடமில்லை. இந்திய அரசு 1922ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் மலாயாவில் ஓர் இந்திய முகவர் நியமிக்கப்பட்டார். தோட்டங்களைச் சென்று பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. தொழிலாளர் இலாகாவின் அதிகாரிகளும் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இவற்றால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. என்றாலும், வெளியிலிருந்து ஒருவர் வந்து கணக்குக் கேட்கலாம் என்ற வழக்கம் பிறந்தது. வேலியே பயிரை மேய்ந்தால், மேய்ந்த வேலியிடமே முறையிட்டுப் பயனில்லை என்பதை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

விளையாட்டுச் சங்கங்களும் நெடுங்காலம் ஒரே வேலிக்குள் இருந்தவையே. அவை ஆர்வலர்கள் கூடி அமைத்த தனியார் சங்கங்கள். அரசாங்கம் அவற்றில் தலையிடக்கூடாது என்பது ஒலிம்பிக் இயக்கத்தின் கொள்கை. அரசியல்வாதிகள் அணித் தேர்வில் கைவைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் உண்டு. ஆனால் சில இடங்களில் அந்த உரிமையே குற்றத்தை மறைக்கும் திரையாகிவிட்டது.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி, புதுடெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீரர்கள் தரையில் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா ஆகியோர் முன்னின்றார்கள். சாக்‌ஷி 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங், வீராங்கனைகளுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார்.

அரசாங்கம் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் தலைமையில் மேற்பார்வைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் அறிக்கை முழுமையாக வெளியிடப்படவில்லை. ஆனால் ஓர் உண்மை வெளிவந்தது. வேலையிடத்தில் பெண்களின் புகாரைக் கேட்க உள்குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், அந்தக் கூட்டமைப்பில் முறையான குழுவே இல்லை. பெண்கள் சொல்லவில்லையே என்று கேட்பதற்கு முன், சொல்வதற்கு இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும் அல்லவா?

ஏப்ரல் மாதத்தில் போராட்டம் மறுபடியும் தொடங்கியது. வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே, ஏப்ரல் 28ஆம் தேதி டெல்லிக் காவல் துறை இரண்டு வழக்குகளைப் பதிவு செய்தது. வயது வராத பெண் ஒருவர் தொடர்பான வழக்கு 2025இல் முடித்துவைக்கப்பட்டது. மற்ற வழக்கில் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ய 2024 மே மாதத்தில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது, நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்களே தெருவில் உட்கார்ந்த பிறகுதான் கதவு திறந்தது என்பதை. பெயர் தெரியாத சிற்றூர்ப் பெண்ணுக்கு அது திறந்திருக்குமா? 2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்களை மேற்பார்க்கத் தேசிய விளையாட்டு வாரியமும், வழக்குகளைக் கேட்க ஒரு தீர்ப்பாயமும் அமைய அது வழிசெய்தது.

வெளிக் கண்காணிப்பு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் ஜிம்னாஸ்டிக் சங்க மருத்துவர் லாரி நாசர் மீதான புகார் 2015ஆம் ஆண்டே அந்நாட்டின் மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. துறை விரைந்து செயல்படவில்லை. அவர் 2016 இறுதியில்தான் கைதானார். அந்த இடைவெளியில் மேலும் பல சிறுமிகள் பாதிக்கப்பட்டார்கள். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். அவருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. காவல்காரன் தூங்கினால் அவனையும் தட்டியெழுப்ப ஒருவர் வேண்டும் என்பதே இதில் நாம் காணும் பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய விளையாட்டு மன்றம் அமைந்தது. 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவை நிறுத்திவைக்கவும் நீக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அச்சட்டம் பெரிதும் நிர்வாகத்தையும் சங்கத் தகராறுகளையும் நினைத்து எழுதப்பட்டது. முகாமில் அழும் பிள்ளையை நினைத்து எழுதப்பட்டதல்ல.

அந்தக் குறையைப் பின்னால் வந்த சட்டங்கள் ஓரளவு நிரப்பின. 2017ஆம் ஆண்டு, சிறார்க்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. பிள்ளையின் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. அந்தப் பட்டியலில் பெற்றோர், ஆசிரியருடன் பயிற்றுநரும் இருக்கிறார். குற்றம் நடக்கிறது என்று தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வேறு சாட்சி இல்லை என்றாலும், பிள்ளையின் சாட்சியத்தை நம்பி நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம்.

2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் தீர்ப்பாயம் 2024 மார்ச் மாதம் செயல்படத் தொடங்கியது. அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய செய்தி. 2023ஆம் ஆண்டில் இளைஞர், விளையாட்டுத்துறை அமைச்சு, பாதுகாப்பான விளையாட்டுக்கான நடத்தைக் கோவை ஒன்றையும் வெளியிட்டது.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது சங்கத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். புகாரை யாரிடம் சொல்வது? அவர் அணியைத் தேர்ந்தெடுப்பவர்தானா, வேறு ஆளா? பெண் பிள்ளைகள் வெளியூர் போகும்போது உடன் வரும் பெண் பொறுப்பாளர் யார்? நல்ல சங்கம் இக்கேள்விகளுக்குக் கோபப்படாது.

உற்சாகமாகத் திடலுக்கு ஓடிய பிள்ளை திடீரென்று போகமாட்டேன் என்றால், சோம்பேறி என்று ஏசாதீர்கள். தனியே உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். பிள்ளை சொன்னதை நம்புங்கள். "வெளியே சொன்னால் பேர் கெடும், இடம் போய்விடும்" என்று வாயை மூடவைப்பதுதான் தவறு செய்பவனுக்கு நாம் தரும் பெரிய பாதுகாப்பு. சங்கம் கேட்காவிட்டால் போலீஸ் நிலையம் இருக்கிறது. உதவிக்கு 15999 என்ற எண் இருக்கிறது. நம் பாட்டன் காலத்தில் துரைக்கு மேலே முறையிட ஓர் இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று பயிற்றுநருக்கும் சங்கத்துக்கும் மேலே இடம் இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே அழைத்துப்போவது நம் கடமை.