பத்து போல்ட்

காடிலாக் என்பது அமெரிக்கர்களுக்கு வெறும் கார் இல்லை, வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கிற சான்றிதழ். ‘இந்த வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார்’ என்று தெருவுக்கே சொல்கிற சான்றிதழ்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1908-ல் இங்கிலாந்தின் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் ஒரு சோதனை நடந்தது. மூன்று காடிலாக் கார்களை நட்டு, போல்ட் வரைக்கும் அக்கக்காகக் கழற்றினார்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து சில பாகங்களை எடுத்துவிட்டு, கடையிலிருந்து வந்த ஸ்பேர் பாகங்களைப் போட்டார்கள். ‘இப்போது மூன்று கார்களாக மாட்டுங்கள் பார்ப்போம்’ என்றார்கள்.

மாட்டினார்கள்! வண்ணம் மட்டும்தான் திட்டுத்திட்டாக மாறியிருந்தது. மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப், டேவார் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தது. ‘உலகத்துக்கே அளவுகோல்’ என்று காடிலாக் மார்தட்டிக்கொண்டது. தட்டிக்கொள்ள உரிமையும் இருந்தது.

அப்படிப்பட்ட காரின் பெயரைக் கெடுத்தது என்ன தெரியுமா? போல்ட். ஆம், சாதாரண போல்ட்!

கதை 1973-ல் ஆரம்பிக்கிறது. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிலோமீட்டர் கணக்கில் க்யூ. 1975-ல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978-ல் காலனுக்கு 18 மைல் இருக்கவேண்டும், 1985-ல் 27.5 மைல் ஆகவேண்டும். நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டரிலிருந்து கிட்டத்தட்ட பன்னிரண்டு. தவறினால் அபராதம்.

காடிலாக்கோ கப்பல் மாதிரி வண்டி. பெட்ரோலைக் குடிக்காது, குளிக்கும். அதன் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் யோசித்தது. டீசல் போட்டால் என்ன? மைலேஜ் கூடும், காரின் நீள அகலத்தைக் குறைக்கவேண்டாம்.

யோசனை தப்பே இல்லை. அதே காலத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் கார்கள் லட்சக்கணக்கான மைல்களை அலட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தன. பிரச்னை யோசனையில் இல்லை, சிக்கனத்தில்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு அந்த டீசல் எஞ்சினைத் தயாரித்தது. 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். தன்னிடம் இருந்த பெட்ரோல் எஞ்சினின் வடிவத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டது. பிளாக்கை நன்றாகவே பலப்படுத்தியது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் சிலிண்டர் ஹெட்டை பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகள் இருக்கின்றன பாருங்கள், ஹெட்டுக்குப் பத்து, அவற்றை மாற்றவில்லை. ஏன்? போல்ட்டின் இடத்தை மாற்றினால் தொழிற்சாலையில் துளை போடுகிற இயந்திரங்களையும் மாற்றவேண்டும். காசு!

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்பார்களே, அதேதான்.

இங்கே கொஞ்சம் மெக்கானிக் பாடம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கு நசுக்கென்று நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். அன்றைய பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுமார் எட்டில் ஒரு பங்காக நசுக்கியது. இந்த டீசல், இருபத்திரண்டில் ஒரு பங்காக! அவ்வளவு அழுத்தமும் ஹெட்டைத்தான் மேலே தூக்கப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை அதே பத்து போல்ட்.

என்ன ஆகும்? போல்ட் மெள்ள இழுபடும். இடையில் இருக்கிற கேஸ்கட் போகும். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியுமா? மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் மோதி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் காலி.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அன்றைய அமெரிக்க பங்க்குகளில் டீசலோடு தண்ணீரும் கலந்து வருவது சகஜம். அதைப் பிரித்தெடுக்கிற சின்னக் கருவியைக்கூட வைக்கவில்லை. தண்ணீர் நேராக இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குப் போய்த் துருப்பிடிக்க வைத்தது.

சரி, ரிப்பேர் செய்துவிட்டால் போச்சு என்கிறீர்களா? அங்கேதான் அடுத்த கூத்து. அந்த போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் இழுபட்டுப் பிடிக்கிற ரகம். கழற்றினால் தூக்கிப் போடவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் கைபழகிய மெக்கானிக்குகள் பலர் புது கேஸ்கட் வைத்து, பழைய போல்ட்டையே திரும்ப முறுக்கி அனுப்பினார்கள். வண்டி கொஞ்ச நாளில் மறுபடி வொர்க்‌ஷாப் வாசலில் நின்றது.

1980-ல் வந்த காடிலாக் செவில் காருக்கு இந்த டீசல்தான் அடிப்படை எஞ்சின். விலை ஏறத்தாழ 20,000 டாலர், சக்தி 105 குதிரை. பணம் கொட்டி வாங்கியவர் கதி இது. வாரண்டி முடிந்தபிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் கதியை நினைத்துப் பாருங்கள். பலர் கடைசியில் டீசலை இறக்கிவிட்டு, பெட்ரோல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் அது கச்சிதமாக உட்கார்ந்தது!

காடிலாக்குக்குப் போதாத காலம் அதோடு முடியவில்லை. 1981-ல் ஒரு புதுமை வந்தது. தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு என்று சிலிண்டர்களைக் கம்ப்யூட்டரே நிறுத்தி ஓட்டும் எஞ்சின். அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் போதவில்லை. வண்டி குலுங்கியது, திணறியது. மெக்கானிக்குகள் கண்ட வைத்தியம், ஒரு ஒயரைத் துண்டிப்பது. அப்புறம் எப்போதும் எட்டு சிலிண்டர்தான். 1982-ல் அலுமினிய பிளாக் வைத்த 4.1 லிட்டர் எஞ்சின் வந்தது. அதில் தண்ணீர் எஞ்சின் ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றது.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குகள் பாய்ந்தன. ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டது. 1983-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இறங்கிவந்து, டீசல் பம்ப் உள்ளிட்ட கோளாறுகளுக்கு நாடு முழுக்க மத்தியஸ்தம் மூலம் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. 1985-ஓடு டீசல் எஞ்சினுக்கு மூடுவிழா. அதற்குள் போல்ட், பிளாக் எல்லாம் ஓரளவு திருத்தப்பட்டிருந்தன. ஆனால் யார் நம்புவார்கள்? 1981-ல் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு ஆறு டீசல். சில வருஷங்களில் அந்தச் சந்தையே காணாமல் போனது. நல்ல டீசல் செய்தவர்களும் சேர்ந்து அடிவாங்கினார்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘குட்வில்’ என்கிற வார்த்தை தெரியும். கையால் தொடமுடியாத சொத்து. அதைச் சேர்க்க காடிலாக்குக்கு எழுபது வருஷம் ஆயிற்று. இயந்திரச் செலவில் மிச்சம் பிடித்தது லாபக் கணக்கில் உடனே தெரிந்திருக்கும். கரைந்த நம்பிக்கை எந்தக் கணக்கிலும் தெரியாது, வாடிக்கையாளர் வேறு ஷோரூமுக்குள் நுழைகிறவரை.

அந்த ஷோரூமும் திறந்தது. 1989-ல் டொயோட்டா, லெக்ஸஸ் என்ற புது சொகுசுக் காரை அமெரிக்காவில் இறக்கியது. சில மாதங்களிலேயே அதிலும் கோளாறு. எஞ்சினில் இல்லை, பிரேக் விளக்கு போன்ற சின்ன விஷயங்கள். புகார் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனாலும் விற்ற 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வீட்டுக்கே போய் வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவித் துடைத்து, டாங்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். கோளாறு வந்த புதுக் கார், அதனாலேயே நல்ல பெயர் வாங்கியது!

கோளாறு யாருக்கும் வரும். அது வந்தபிறகு யார் பணத்தில், எவ்வளவு நேர்மையாகச் சரிசெய்கிறோம் என்பதில்தான் பெயர் நிற்கிறது.

உங்கள் வண்டியின் ஹெட்டை இறக்குகிற நாள் வந்தால், ‘பழைய போல்ட்டே போதும் சார்’ என்று மெக்கானிக் சொல்லக்கூடும். புதுசு போடவேண்டிய ரகமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.