ஏப் ரெலெஸின் மரணமும் தாக்கலாகாத ஒரு குற்றப்பத்திரிகையும்

1941 நவம்பர் 12ஆம் நாள் காலை, நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் இருந்த ஹாஃப் மூன் ஹோட்டலின் தாழ்ந்த கூரையொன்றில் ஏப் ரெலெஸின் சடலம் கிடந்தது. நேர் மேலே, ஆறாம் மாடியில், அவர் தங்கவைக்கப்பட்டிருந்த அறையின் சன்னல் திறந்திருந்தது. முடிச்சிட்ட படுக்கை விரிப்புகளும் கம்பித் துண்டும் கண்டெடுக்கப்பட்டன. இரவும் பகலும் காவல்துறையின் கண்காணிப்பில் இருந்த அரசுத் தரப்புச் சாட்சி அவர். வயது 35.

போலீசிடம் உண்மையைக் கக்குபவனைப் 'பாடும் பறவை' என்பது அந்நாட்டுக் குற்றவுலகின் வழக்கு. இந்தப் பறவைக்குப் பாடத் தெரிந்தது, பறக்கத் தெரியவில்லை என்று அன்று பிறந்த பகடி, ரெலெஸைப் பற்றிய எழுத்துகள் எல்லாவற்றிலும் இன்றுவரை தொடர்கிறது. அவரைத் தள்ளியது யார் என்ற கேள்வியே அவ்வெழுத்துகளின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அவர் உயிரோடு காவலில் இருந்த ஏறத்தாழ இருபது மாதங்களில் நடக்காமற்போனது என்ன என்ற கேள்வி அவ்வளவு சுவையானதன்று. ஆயினும் விடை காணத்தக்கது அதுதான்.

ரெலெஸ் 1906இல் புரூக்ளினில் யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். பிரவுன்ஸ்வில் பகுதியின் வறுமையும் மதுவிலக்குக் காலத்தின் கள்ளப்பணமும் அவரை உருவாக்கின. அப்பகுதியின் சூதாட்ட இயந்திரங்களைக் கையில் வைத்திருந்த ஷாப்பிரோ சகோதரர் மூவரையும் 1931 தொடங்கி 1934க்குள் ஒவ்வொருவராக ஒழித்துக்கட்டி, அவர்களுடைய இடத்தை ரெலெஸின் கூட்டம் பிடித்தது. உயர்மட்ட ரயில்பாதைக்கு அடியில் இரவெல்லாம் திறந்திருந்த ஒரு மிட்டாய்க் கடையே அவர்கள் கூடும் இடம். ஆடைத் தொழிற்சங்கங்களை மிரட்டிப் பணம் பறித்த லூயி புக்கால்டரும், துறைமுகத்தை ஆண்ட ஆல்பர்ட் அனஸ்தேசியாவும் கொலைக்கு ஆள் தேடியபோது வந்தது இக்கூட்டத்திடம்தான். 'மர்டர் இன்கார்ப்பரேட்டட்' என்பது பத்திரிகையாளர் சூட்டிய பெயர். அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. இத்தாலிய மாஃபியாக் குடும்பங்களில் உறுப்பினராக இத்தாலிய வம்சாவளி கட்டாயம். எத்தனை கொலை செய்தாலும் ரெலெஸ் வெளிவட்டத்துக் கூட்டாளியாகவே இருக்க முடிந்தது.

1940இன் தொடக்கத்தில் பழைய கொலை வழக்கொன்றில் சிக்கியதும் அவர் அப்ரூவராக மாறினார். தாம் சொல்லும் கொலைகளுக்காகத் தம்மைத் தண்டிக்கலாகாது என்பது பேரம். நாள், தெரு, ஆள், ஆயுதம் என அவர் அடுக்கிச் சொன்னவை சுருக்கெழுத்தாளர்களின் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக நிரப்பின. இங்கே சட்டத்தின் ஒரு கூறு முக்கியம். நம் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், உடந்தையாளரின் சாட்சியத்தை மட்டும் கொண்டு தண்டிப்பது சட்டவிரோதமன்று என்று 133ஆம் பிரிவிலும், அத்தகைய சாட்சியத்தை நம்பத் தயங்கலாம் என்று 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலும் சொல்லி, முடிவை நீதிபதியின் விவேகத்துக்கு விட்டது. நியூயார்க் சட்டம் அந்த இடத்தையே கொடுக்கவில்லை: உடந்தையாகாதவரின் தனிச் சான்று இல்லையேல் தண்டனையும் இல்லை. இத்தடையையும் தாண்டி, உதவி வழக்குரைஞர் பர்ட்டன் டர்க்கஸ் தண்டனைகளைப் பெற்றார். ரெலெஸின் பால்ய நண்பர்களான ஹாரி ஸ்ட்ராஸும் மார்ட்டின் கோல்ட்ஸ்டீனும் 1941 ஜூனில் மின்நாற்காலிக்குச் சென்றனர். அவர்கள் தண்டிக்கப்பட்ட கொலை ரெலெஸின் சொந்த வீட்டுக்குள் நடந்தது. அதில் அவரும் கைகொடுத்திருந்தார்.

அவர் சொன்னவற்றுள் பீட்டர் பான்டோவின் கதையும் ஒன்று. பான்டோ புரூக்ளின் துறைமுகத்தின் சுமைதூக்கும் தொழிலாளி. அங்கே ஒவ்வொரு நாளும் தொழிலாளர் அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டியவனுக்கே அன்றைய வேலை. கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிப்பவனையே அந்தக் கை தேடும். சங்கத்தின் தலைமை இக்கொள்ளையில் பங்காளி. இதற்கு எதிராகப் பான்டோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிக் கூட்டம் நடத்தினார். 1939 ஜூலையில் காணாமற்போனார். பான்டோ எங்கே என்று துறைமுகச் சுவர்களில் கேள்விகள் எழுதப்பட்டன. 1941இன் தொடக்கத்தில், நியூ ஜெர்சியில் சுண்ணாம்பு கொட்டிய குழியொன்றிலிருந்து அவருடைய உடல் எடுக்கப்பட்டது. ரெலெஸின் கூற்றுப்படி, கழுத்தை நெரித்தவர் மெண்டி வைஸ். கொலை அனஸ்தேசியாவுக்காகச் செய்யப்பட்டது.

அனஸ்தேசியா மீது மாவட்ட அரசு வழக்குரைஞர் வில்லியம் ஓட்வையர் என்ன செய்தார்? லாரித் தொழிலாளர் சங்க நிர்வாகி மாரிஸ் டயமண்டின் கொலையில் அனஸ்தேசியாவுக்கு எதிராகக் குறையற்ற வழக்கு தம்மிடம் இருந்ததாக அவரே பின்னர் சொல்லிக்கொண்டார். ஆயினும் ரெலெஸ் இறந்த நாள்வரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. இறந்தபின், சாட்சியோடு வழக்கும் போயிற்று என்பது அவருடைய விளக்கம். புக்கால்டர் வழக்கை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அவ்விசாரணை நடந்துகொண்டிருந்தபோதுதான் ரெலெஸ் விழுந்தார். வேறு சாட்சிகளைக் கொண்டு அரசுத் தரப்பு வென்றது. புக்கால்டரும் வைஸும் 1944 மார்ச்சில் மின்நாற்காலியில் இறந்தனர். வைஸ் தண்டிக்கப்பட்டது ஒரு கடைக்காரரின் கொலைக்காக, பான்டோவின் கொலைக்காக அன்று. பிணம் விழுந்ததால் ஒரு வழக்கு செத்தது என்பதைவிட, உயிரோடு இருந்தபோதே அது கிடப்பில் போடப்பட்டது என்பதே பொருத்தம்.

1942இல் அனஸ்தேசியாவைத் தேடப்படும் நபராகக் காட்டிய அட்டையே காவல்துறைக் கோப்பிலிருந்து அகற்றப்பட்டது. 1945இல் ஒரு கிராண்ட் ஜூரி ஓட்வையரைக் கடுமையாகக் கண்டித்தது. அவ்வாண்டே அவர் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரெலெஸின் காவலுக்குப் பொறுப்பாயிருந்த ஃபிராங்க் பால்ஸ் துணைக் காவல் ஆணையர் ஆனார். 1951இல் செனட்டர் கெஃபாவரின் குழுவின்முன் பால்ஸ் தந்த விளக்கம் விசித்திரமானது: காவலர்களிடம் விளையாட்டுக் காட்டவே ரெலெஸ் சன்னல்வழி இறங்கினார், மீண்டும் உள்ளே வந்து அவர்களைத் திகைக்கவைக்க எண்ணினார் என்றார். குழுவினர் நம்பவில்லை. அதே ஆண்டு மற்றொரு கிராண்ட் ஜூரி, தப்ப முயன்றபோது நேர்ந்த விபத்து என்று முடிவு செய்தது. காவலர்களே தூக்கியெறிந்தனர் என்று மாஃபியா உறுப்பினர் ஜோ வலாச்சி பிற்காலத்தில் சொன்னார். அது கேள்விவழிச் செய்திதான்.

அனஸ்தேசியா 1957 அக்டோபர் 25 அன்று மன்ஹாட்டன் ஹோட்டல் ஒன்றின் முடிதிருத்தகத்தில், நாற்காலியில் அமர்ந்திருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். புரூக்ளின் துறைமுகச் சங்கத்தில் அவருடைய தம்பி ஆண்டனியின் பிடி 1963இல் ஆண்டனி இறக்கும்வரை நீடித்தது. பான்டோவின் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.